1881 கணக்கெடுப்பில் என் கொள்ளுத்தாத்தாவின் பெயர் கிடைக்குமா? (காவேரிப்பட்டணம் பக்கம்)

காவேரிப்பட்டணம் டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே முதல்முறை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன நவம்பரில் வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்காக ஊரே 2002, 2005 பட்டியல்களைத் தோண்டிக்கொண்டிருந்தபோது நானும் தோண்டினேன். என்னை உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்ததால் என் பெயர் இருந்த பக்கத்திலேயே, ஏழெட்டு வரி தள்ளி, காலமாகிவிட்ட என் பாட்டியின் பெயரும் இருந்தது. வயது 85. பாட்டிக்குத் தன் வயது தெரியாது. யார் கேட்டாலும் "எம்பது எம்பத்தஞ்சு இருக்கும்" என்பார். கேட்டவர் பெரிய எண்ணை எழுதிக்கொண்டு போயிருக்கிறார். அந்த வரியைச் செல்போனில் படம் எடுத்து வைத்தேன். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை.

எங்கள் வீட்டுக் கதை இது. தாது வருசத்துப் பஞ்சத்தில் என் கொள்ளுத்தாத்தா கைக்குழந்தை. அவருடைய அப்பா பஞ்சத்தில் செத்துப்போனார். அப்பாவின் அண்ணன் "கப்பலேறிப் போய்ட்டான்". எந்தக் கப்பல், எந்தத் தேசம், யாருக்கும் தெரியாது. அந்த அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊத்தங்கரைப் பக்கமிருந்து நடந்தே வந்து, ஆற்றங்கரையில் ஒரு மாந்தோப்பில் தங்கினாராம். அங்கிருந்து எங்கள் வம்சம். மாந்தோப்பு என்பது பிற்காலச் சேர்க்கை என்று எனக்குச் சந்தேகம். கிருஷ்ணகிரியில் யார் கதை சொன்னாலும் அதில் ஒரு மாமரம் வந்துவிடும்.

கொள்ளுத்தாத்தாவின் பெயர் முனியன் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பெயரைச் சொன்னாலும் பயனில்லை, எங்கள் ஊரில் அந்தப் பெயரில் இன்றைக்கே ஒன்பது பேர் இருக்கிறார்கள்.

என் தம்பி மகன் இங்கிலாந்தில் வேலை பார்க்கிறான். அவன் குடியிருக்கும் வீட்டில் 1911இல் யார் குடியிருந்தார்கள், எத்தனை பிள்ளைகள், என்ன தொழில் என்று கணக்கெடுப்புத் தாளையே இணையத்திலிருந்து எடுத்து அனுப்பினான். அந்த வீட்டுக்காரர் கைப்பட எழுதிய தாள்! யாரோ ஒரு தச்சருடைய குடும்பம் எனக்குத் தெரிகிறது, என் சொந்தக் குடும்பம் தெரியவில்லை.

2011இல் நானே கணக்கெடுப்பாளராக இருந்தேன். பிப்ரவரி 9இலிருந்து 28 வரை, பள்ளி விட்டதும் வீடு வீடாக. மொத்தம் 29 கேள்விகள். கடைசி நாள் இரவு பேருந்து நிலையத்தில் படுத்திருந்தவர்களைக்கூட எழுப்பி எண்ணினோம். ஒவ்வொரு பெயரையும் நான் என் கையால் எழுதினேன். ஒரு வீட்டில் பிறந்து நான்கு நாளான குழந்தை. இன்னும் பெயர் வைக்கவில்லை என்றார்கள். அங்கே நான் நின்று யோசித்த நேரம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஆக, 1881இலும் ஒருவர் எங்கள் ஊருக்கு வந்து எழுதியிருப்பார் அல்லவா? அதில் ஐந்தாறு வயது முனியனும், அவன் அம்மா பெயரும் இருக்கும் அல்லவா? அந்தத் தாள் எங்கே இருக்கிறது? ஒரு அலுவலகத்தில் போய்க் கேட்டேன். "சாதிச் சான்றிதழுக்கா மேடம்?" என்றார்கள். இல்லை, சும்மா தெரிந்துகொள்ள என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

---

பெண்ணையாற்றுப் பெரியவர் எழுதியது:

டீச்சரம்மா, கெட்ட செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தத் தாள் இல்லை.

எழுதினார்கள், அது நிஜம். 1881 பிப்ரவரி 17ஆம் தேதி இரவு இந்தியா முழுக்க ஒரே சமயத்தில் எண்ணிய முதல் கணக்கெடுப்பு அது. அதற்கு முன் 1871இல் சென்னை மாகாணத்தில் எடுத்தார்கள். அதற்கும் முன்னே ஐந்து வருசத்துக்கு ஒருமுறை ஒரு தோராயக் கணக்கு இருந்தது. ஆனால் கூட்டி முடித்த பிறகு வீட்டுத் தாள்களை வைத்துக்கொள்ளவில்லை. இத்தனை ஆண், இத்தனை பெண், இத்தனை வீடு என்ற அட்டவணைதான் அச்சில் மிஞ்சியது. 1901இல் சீட்டு முறை வந்தது: ஆளுக்கு ஒரு சீட்டில் விவரத்தை மட்டும் எடுத்தெழுதி, அடுக்கிப் பிரித்து எண்ணுவார்கள். எண்ணி முடித்ததும் சீட்டின் வேலையும் முடிந்தது.

இங்கிலாந்தில் தாளை வைத்திருந்து நூறு வருசம் கழித்துத் திறக்கிறார்கள். அவர்களுடைய 1921 கணக்கெடுப்பு 2022 ஜனவரியில்தான் வெளியே வந்தது. நம் நாட்டில் 1948 கணக்கெடுப்புச் சட்டம் 15ஆவது பிரிவு, தனி ஆளைப் பற்றிய விவரத்தை யாரும் பார்வையிட முடியாது, சாட்சியமாகவும் எடுத்துக்கொள்ள முடியாது என்கிறது. நூறு வருசம் கழித்துத் திறக்கலாம் என்று அதில் ஏதும் இல்லை. ஆகவே நீங்கள் 2011இல் எழுதியதும் உங்கள் பேரன் கைக்கு வராது.

நான் ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர். என் தகப்பனார் கர்ணம், ஊர்க் கணக்கு எழுதியவர். 1980 நவம்பரில் கர்ணம், மணியக்காரர் பதவிகள் ஒழிந்த அன்றைக்குக் கணக்குக் கட்டுகளை ஒப்படைத்துவிட்டு வந்து இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தார். 1951 கணக்கெடுப்பு அவர் செய்தது. சுவரில் காவியால் வீட்டு எண் போட்ட கதையெல்லாம் சொல்வார். அந்த வருசம் கணக்கெடுப்பிலிருந்தே பெயர்களை எடுத்து ஊருக்கு ஒரு பதிவேடு எழுதச் சொன்னார்களாம். அசாமில் பிற்காலத்தில் குடியுரிமைப் பதிவேட்டுக்கு அடிப்படையாக எடுத்துக்கொண்டது அதைத்தான். நம் பக்கம் என் சர்வீஸில் ஒரு பிரதியைக்கூட நான் பார்த்ததில்லை. யாராவது "இருக்கிறது, வாங்கித் தருகிறேன்" என்றால் காசு கொடுத்துவிடாதீர்கள்.

சர்க்காருக்குக் கணக்கெடுப்பில் வேண்டியது தலை எண்ணிக்கை. பெயர் வேண்டியது வரி வாங்கும் இடத்தில். பெயரைத் தேடுகிறவர் வரி இருக்கும் பக்கம் போக வேண்டும். அ-பதிவேடு, அதற்கு முந்தைய நிலவரித் திட்டப் பதிவேடு, பழைய அடங்கல், சிட்டா. இவற்றில் பட்டாதாரர் பெயர் இருக்கும், பல இடத்தில் தகப்பன் பெயரும். பிறகு பிறப்பு இறப்புப் பதிவேடு: 1899ஆம் வருசத்து மாகாணச் சட்டப்படி மணியக்காரர் எழுதி வைத்தது. உங்கள் கொள்ளுத்தாத்தா 1930 வாக்கில் இறந்திருந்தால் அதில் வர வாய்ப்பு உண்டு. கட்டு மிஞ்சியிருக்க வேண்டும், கரையான் விட்டு வைத்திருக்க வேண்டும், அது வேறு.

முக்கியமான ஒன்று. கிருஷ்ணகிரி மாவட்டம் பிறந்தது 2004 பிப்ரவரி 9. அதற்கு முன் தருமபுரி மாவட்டம். தருமபுரி பிறந்தது 1965 அக்டோபர் 2. அதற்கு முன் எல்லாம் சேலம். பழைய காகிதம் எதைத் தேடினாலும் "சேலம் ஜில்லா, கிருஷ்ணகிரி தாலுகா, காவேரிப்பட்டணம்" என்று தேடுங்கள். "கிருஷ்ணகிரி மாவட்டம்" என்று தேடி ஒன்றும் இல்லை என்று திரும்பிப்போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

---

எழும்பூர்த் தூசி எழுதியது:

அக்கா, வணக்கம். பெரியவர் சொன்னதெல்லாம் சரி. ஆனால் "கணக்கெடுப்பில் ஒன்றும் இல்லை" என்று மூடிவைத்துவிடாதீர்கள். பெயர் இல்லை, அவ்வளவுதான். உங்கள் வீட்டுக் கதை நிற்குமா விழுமா என்று சோதிக்க அந்த அட்டவணையைவிட நல்ல உரைகல் கிடையாது. நான் ஆய்வு மாணவன், எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் ஒன்றரை வருடம் தூசி தின்றவன். சொந்த ஊர் அரூர்ப் பக்கம்.

உங்கள் கதையையே எடுத்துக்கொள்வோம். 1871இல் சேலம் மாவட்ட மக்கள்தொகை 19,66,995. பத்து வருடம் கழித்து 1881இல் 15,99,595. பெருக வேண்டிய காலத்தில் மூன்றரை லட்சத்துக்கு மேல் குறைந்திருக்கிறது. ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கம்மி. நடுவில் நடந்தது 1876–78 பஞ்சம், நம் பாட்டிமார் சொல்லும் தாது வருசம். 1891இல்தான் பழைய எண்ணிக்கையை ஏறக்குறைய எட்டிப் பிடித்தது, 19,62,591. அன்றைய சேலம் என்றால் நாமக்கல், திருப்பத்தூர் தாலுகாக்களும் சேர்த்து, அதை மறக்க வேண்டாம். திருப்பத்தூர் 1911இல்தான் வட ஆர்க்காட்டுக்குப் போனது. உங்கள் கதையில் ஊத்தங்கரைப் பக்கம் வருவதால் சொல்கிறேன். தாலுகா எல்லையைப் பார்க்காமல் இரண்டு அறிக்கைகளை ஒப்பிட்டால் ஆள் செத்தாரா, மாவட்டம் மாறினாரா என்று குழம்பிப்போவோம்.

வயது அட்டவணையையும் பாருங்கள். 1881இல் பஞ்ச காலத்தில் பிறந்திருக்க வேண்டிய பிள்ளைகள் இருக்கும் இடம் பள்ளமாகக் கிடக்கும். உங்கள் கொள்ளுத்தாத்தா அந்தப் பள்ளத்தின் விளிம்பில் நிற்கும் ஒரு பையன். அவர் பெயர் அதில் இல்லைதான், ஆனாலும் அவர் அந்தக் கூட்டுத்தொகையில் ஒரு ஆள்.

வயதைப் பற்றி இன்னொன்று. உங்கள் பாட்டியின் 85 தனி ஆள் பிரச்சினை அல்ல. பழைய அட்டவணை எதை எடுத்தாலும் 30, 35, 40, 45 என்று கூட்டம் கூட்டமாக நிற்பார்கள், 37, 41 எல்லாம் காலி. கேட்டவரும் சொன்னவரும் சேர்ந்து முழு எண்ணாக்கிய வயது. இங்கிலாந்துக்காரர்கள் மட்டும் யோக்கியமா என்றால், அவர்களுடைய 1841 கணக்கெடுப்பில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்தே எழுதச் சொன்னார்கள். ஆகவே எந்தப் பழைய வயதையும் முன்பின் ஐந்து வருடம் நெகிழ்த்தியே படியுங்கள்.

இந்த அறிக்கைகளைப் பார்க்க எழும்பூர் வர வேண்டியதில்லை. 1871இலிருந்து வந்தவற்றில் பெரும்பாலானவை மத்திய அரசின் கணக்கெடுப்புத் துறை இணையதளத்தில் இலவசமாக இருக்கின்றன. 1871 சென்னை மாகாண அறிக்கை எழுதியவர் கார்னிஷ் என்ற மருத்துவ அதிகாரி. ஊர் ஊராக எண்ணிக்கை வேண்டுமென்றால் 1951, 1961 சேலம் மாவட்டக் கையேடுகளைப் பாருங்கள். உங்கள் கிராமத்தில் எத்தனை வீடு, எத்தனை பேர் என்பது வரை இருக்கும். முதல்முறை என் ஊரைப் பார்த்தபோது இவ்வளவு சின்ன ஊரா என்று ஆச்சரியப்பட்டேன்.

இனி, கப்பலேறிய பெரியப்பா. அக்கா, அவர்தான் உங்கள் நல்ல அதிர்ஷ்டம்.

ஊரில் இருந்தவனின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறியவனை அங்க அடையாளம் வரை எழுதினார்கள். அவன் ஓடிப்போனால் பிடிக்க வேண்டுமே! தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குச் சென்னையிலிருந்து போன முதல் கப்பல் 'ட்ரூரோ', 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் கரைசேர்ந்தது. 1911 வரை இந்தியாவிலிருந்து அங்கே போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல். அந்தக் கப்பல் பட்டியல்களில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, உயரம், உடம்பில் உள்ள தழும்பு, ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் உண்டு. இணையத்திலும் தேடலாம். மொரீஷியஸுக்குப் போயிருந்தால், மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனம் அங்குள்ள ஒப்பந்தத் தொழிலாளர் ஆவணங்களைப் பாதுகாக்கிறது; ஒரு காலகட்டத்துக்குப் பிறகு போனவர்களின் புகைப்படம்கூட உண்டு. ஃபிஜி உங்கள் கதைக்கு ஒத்துவராது, சென்னையிலிருந்து அங்கே கப்பல் போனது 1903இல்தான். சிலோன், மலேயா என்றால் கங்காணி மூலம் போயிருப்பார். பெயர் கிடைப்பது கடினம்.

தேடும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரியைக் 'கிஸ்ட்னகெர்ரி' என்று எழுதிய காலம் அது. முனியன் என்பது மூனியன், மோனியன், முன்னியென் என்று எப்படியும் வரும். குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதினார். வாய்விட்டுச் சத்தமாகப் படித்துப் பாருங்கள். எனக்கு அப்படித்தான் பாதிப் பெயர்கள் பிடிபட்டன. பக்கத்து மேசைக்காரர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

---

தேன்கனிக்கோட்டை ராகிக்களி எழுதியது:

பெரியவர் வரி இருக்கும் பக்கம் போகச் சொல்கிறார். சரிங்க ஐயா, நிலமே இல்லாதவன் எங்கே போவான்? எங்கள் பாட்டன் பூட்டன் எல்லாம் ஆடு மேய்த்தவர்கள், காணி கிடையாது. பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாம் நிலம் வைத்திருந்தவனுடைய ஜாதகம். என்னைப் போன்றவனுக்கு அந்தக் கட்டைப் பிரித்தால் தும்மல்தான் வரும்.

ஓசூர்ப் பக்கம் இன்னொரு சிக்கலும் உண்டு. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துப் பாராமகால் ஊர்களை 1792லேயே திப்புவிடமிருந்து கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) வாங்கிக்கொண்டது; ஓசூர், தேன்கனிக்கோட்டை எல்லாம் 1799இல் திப்பு விழுந்த பிறகுதான் வந்தன. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ். என் மனைவி வீட்டில் ஒரு பழைய கிரயப் பத்திரம் தெலுங்கில் இருக்கிறது. படிக்க ஆளில்லாமல் கோயில் பூசாரி ஒருவரிடம் கொண்டுபோனோம். அவர் படித்துவிட்டு, "இது கிரயம் இல்லை, கடன் பத்திரம், திருப்பிக் கொடுத்தாகிவிட்டதா?" என்று கேட்டார். அதோடு உள்ளே வைத்துவிட்டோம்.

கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் எங்கள் சொந்தக்காரர்கள் வீட்டுக்கு ஹெளவர் என்று வருவார்கள். எருதோடு வந்து, வாசலில் நின்று, அந்த வீட்டு முன்னோர் பெயரை வரிசையாகச் சொல்லி, தானியம் வாங்கிக்கொண்டு போவார்கள். தலைமுறை தலைமுறையாக அவர்களுக்கு இதுதான் தொழில். சின்ன வயதில் நான் பார்த்திருக்கிறேன். என் மாமன் பிள்ளை பிறந்த வருடம் வந்தவர், அந்தப் பெயரையும் சேர்த்துக்கொண்டு போனார். டீச்சர் சொல்லும் கணக்கெடுப்பு இதுதானே?

கோலாரையும் விட்டுவிடாதீர்கள். 1880க்குப் பிறகு தங்கவயல் சுரங்கத்துக்கு நம் பக்கத்திலிருந்து போன குடும்பங்கள் ஏராளம். "கப்பலேறிப் போய்ட்டான்" என்று ஊரில் சொல்வார்கள், போய்ப் பார்த்தால் ஆள் பங்காரப்பேட்டையில் இருப்பான்.

---

பெண்ணையாற்றுப் பெரியவர் எழுதியது:

தம்பி கேட்டது நியாயமான கேள்வி. நான் கர்ணம் வீட்டுப் பிள்ளை, என் கண் நிலத்தின் மேலேயே போகிறது, ஒத்துக்கொள்கிறேன்.

நிலவரிப் பதிவேட்டில் எல்லோரும் வரமாட்டார்கள். அதிலும் சேலம் ஜில்லாவில் மிட்டா கிராமங்கள் நிறைய. 1802 சட்டத்துக்குப் பிறகு மிட்டாக்களாகப் பிரித்து ஏலம் விட்டார்கள். அங்கே சர்க்காருக்கு வரி கட்டியவர் மிட்டாதார், அவருக்கு வாரம் கொடுத்த குடியானவர் பெயர் சர்க்கார் கணக்கில் வராது. 1948இல் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகுதான் அந்த ஊர்களில் உழுதவன் பெயர் பதிவேட்டில் ஏறியது. டீச்சரம்மா, உங்கள் ஊர் மிட்டாவா, ரயத்துவாரியா (குடியானவரே நேராகச் சர்க்காருக்கு வரி கட்டிய ஊர்) என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மிட்டா என்றால் 1881 காலத்துப் பட்டாவைத் தேடி ஒரு மாதத்தை வீணாக்க வேண்டாம்.

ஆனால் தம்பி, காணி இல்லாதவர்கள் எல்லோரும் பதிவில்லாமல் போய்விடவில்லை. 1858இல் இனாம் (மானிய நிலம்) கமிஷன் போட்டார்கள். அடுத்த சில வருசங்களில் ஊர் ஊராகப் போய் விசாரித்து எழுதிய இனாம் பதிவேடுகள் உண்டு. பிராமணர் இனாம், கோயில் இனாம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். தலையாரி, தோட்டி, நீர்க்கட்டி, பூசாரி, குயவர், நாவிதர் என்று ஊர் வேலை செய்தவர்களுக்கு அரை ஏக்கர், ஒரு ஏக்கர் மானியம் இருந்தது. யாருக்கு, எதற்கு, யார் கொடுத்தது, இப்போது அனுபவிப்பவர் யார் என்று விசாரித்து எழுதியிருக்கிறார்கள். உங்கள் முன்னோர் ஏரி மடை பார்த்தவராக இருந்தால் அதில் அகப்படலாம். எழும்பூர்த் தம்பிக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கும்.

அதுவும் இல்லாவிட்டால் ஊர்க் கணக்கு இருக்கிறது. மாரியம்மன் திருவிழா தலைக்கட்டு வரி நோட்டு. அது சர்க்கார் கணக்கெடுப்பைவிட உத்தமம். நிலம் இருக்கிறவன், இல்லாதவன், கல்யாணம் ஆகித் தனி அடுப்பு வைத்த ஆண் ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு. விட்டுப்போனால் மறுநாளே சண்டை வரும், ஆகவே விட்டுப்போகாது. அப்புறம் மொய் நோட்டு. டிரங்குப் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கும். பாருங்கள்.

பள்ளிச் சேர்க்கைப் பதிவேடும் உண்டு, டீச்சரம்மாவுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

---

காவேரிப்பட்டணம் டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, தேர்வு நேரம்.

சேர்க்கைப் பதிவேடு பற்றி ஐயா சொன்னதும் சிரித்துவிட்டேன். எங்கள் குடும்பத்தில் அப்பா, இரண்டு சித்தப்பா, நான், என் தம்பி எல்லோருமே ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள். பள்ளி திறக்கும் மாதம். தலைமையாசிரியர் பையனின் வலது கையைத் தலைக்கு மேல் போட்டு இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டால் ஐந்து வயது. அப்பாவின் பதிவேட்டை அந்தப் பள்ளியிலேயே பார்த்தேன். தகப்பன் பெயர், தொழில் "கூலி". அவ்வளவுதான்.

எங்கள் ஊர் மிட்டா. கேட்டுவிட்டேன். ஒரு மாதம் மிச்சம், ஐயாவுக்கு நன்றி.

தம்பி சொன்ன கப்பல் பட்டியலில் மூன்று ராத்திரி உட்கார்ந்தேன். சேலம் ஜில்லா என்று வந்த பெயர்களாகப் பார்த்தேன். ஊத்தங்கரை மாதிரி ஒலிக்கும் ஊர்களிலிருந்து போனவர்கள் இருக்கிறார்கள். ஒருவருக்கு வலது முழங்காலில் தழும்பு. ஒருவருக்கு நெற்றியில். கொள்ளுத்தாத்தாவின் பெரியப்பா இவர்களில் யார், அல்லது யாருமே இல்லையா, சொல்ல முடியவில்லை. எள்ளுத்தாத்தாவின் அப்பா பெயர் எனக்குத் தெரிந்திருந்தால் பிடித்திருக்கலாம். அது தெரியாமல்தானே தேடவே ஆரம்பித்தேன்! சும்மா ஒருவரை "இவர்தான்" என்று வைத்துக்கொள்ள ஆசையாகத்தான் இருந்தது. நெற்றித் தழும்புக்காரரை. என் தம்பிக்கும் அங்கே ஒரு தழும்பு, மாட்டுக்கொட்டகைக் கதவில் இடித்துக்கொண்டது. அப்படியெல்லாம் ஒட்டிப் பார்க்க ஆரம்பித்ததும் கணினியை மூடிவிட்டேன்.

1951 கையேட்டில் எங்கள் ஊர் கிடைத்தது. பள்ளிப் பிள்ளைகளிடம் காட்டினேன். ஒரு பையன், "இதுல எங்க தாத்தா எந்த நம்பர் டீச்சர்?" என்றான். பதில் சொல்லத் தெரியவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தலைக்கட்டு நோட்டு கிடைத்தது.

கோயில் பெரியவர் வீட்டில், பரணில், சாக்குப் பைக்குள் பதினோரு நோட்டுகள். பழையது 1936. தடித்த மட்டை, ஓரமெல்லாம் எலி கடித்தது, ஆனால் எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. வீதி வாரியாக எழுதியிருக்கிறார்கள். மேலத்தெரு நாலாவது வரியில் என் தாத்தா: பெயர், "தலைக்கட்டு 1", கட்டிய தொகை 4 அணா. அப்போது தாத்தாவுக்கு இருபத்தெட்டு வயது இருக்கும், முழு எண்ணாக்கினால் முப்பது.

அதற்கு அடுத்த வரியில் "முனியன் பெண்சாதி" என்று இருக்கிறது. பெயர் இல்லை. "தலைக்கட்டு" என்ற இடத்தில் அரை என்று போட்டு 2 அணா வாங்கியிருக்கிறார்கள். இது என் கொள்ளுப்பாட்டியாகத்தான் இருக்க வேண்டும். பெரியவரே, அது என்ன அரைத் தலைக்கட்டு? தொகையைப் பாதி கட்டிவிட்டு மீதியைப் பாக்கி வைத்தார்களா?

---

பெண்ணையாற்றுப் பெரியவர் எழுதியது:

பாக்கி இல்லை அம்மா. புருஷனை இழந்து தனியாக அடுப்பு வைத்திருப்பவர் வீடு பல ஊர்களில் அரைத் தலைக்கட்டு. வரியும் பாதி. சில ஊர்களில் முழுக்க விட்டுவிடுவார்கள். உங்கள் ஊரில் பாதி வாங்கியிருக்கிறார்கள். ஆக, 1936இல் உங்கள் கொள்ளுத்தாத்தா இல்லை என்பது உறுதி. கொள்ளுப்பாட்டி மகனோடு சேராமல் பக்கத்திலேயே தனியாகச் சமைத்துச் சாப்பிட்டிருக்கிறார். ஏன் என்று நான் கேட்கமாட்டேன், மாமியார் மருமகள் விவகாரம்.

பதினோரு நோட்டு என்றீர்களே. அடுத்தடுத்த வருசங்களைப் பாருங்கள். அந்த அரை எந்த வருசம் காணாமல் போகிறது என்று கண்டுபிடித்தால் அவர் இறந்த வருசம் கிடைத்துவிடும். அதை வைத்துக்கொண்டு இறப்புப் பதிவேட்டைக் கேளுங்கள். வருசம் தெரியாமல் கேட்டால் யாரும் கட்டைப் பிரிக்கமாட்டார்கள். வருசம் சொல்லிக் கேட்டால் பிரிக்க வாய்ப்பு உண்டு.

---

எழும்பூர்த் தூசி எழுதியது:

அக்கா, அந்த நோட்டுகளை முதலில் பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். வெயிலில், நிழல் விழாமல். எலிக்கு அடுத்த வருடமும் பசிக்கும்.

பெண்சாதி என்று மட்டும் எழுதியதில் ஆச்சரியமில்லை. பழைய கணக்கெடுப்பு விதிகளிலேயே, வீட்டுப் பெண்களின் பெயரைச் சொல்லத் தயங்கினால் வற்புறுத்த வேண்டாம், 'பெண்' என்று மட்டும் எழுதிக்கொள் என்று இருந்தது. அந்த 1881 தாள் இன்றைக்கு உங்கள் கையில் கிடைத்திருந்தாலும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்த அந்த அம்மாவின் பெயர் அதில் இருந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

---

காவேரிப்பட்டணம் டீச்சர் எழுதியது:

பார்த்துவிட்டேன். 1936, 1938, 1939 நோட்டுகளில் அரை இருக்கிறது. 1940 நோட்டு இல்லை. 1941இல் இருக்கிறது. 1943 நோட்டில் அந்த அரை இல்லை. ஆக 1941, 43க்கு நடுவில். இறப்புப் பதிவேட்டுக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பெயருக்கு ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறார். அப்பாவின் அக்கா, எனக்கு அத்தை, போச்சம்பள்ளியில் மகன் வீட்டில் இருக்கிறார். தொண்ணூறு இருக்கும். அதுவும் அவர் சொல்லும் வயதுதான். அந்தத் தனி அடுப்பில் சின்ன வயதில் களி வாங்கித் தின்றதாக முன்பு ஒருமுறை சொன்னார், நான் அப்போது காதில் வாங்கவில்லை. காது சரியாகக் கேட்காது, காலையில் பத்து மணிக்குள் போனால் நன்றாகப் பேசுவார் என்று அவர் மருமகள் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் போகிறேன். வெற்றிலை வாங்கி வைத்துவிட்டேன், நோட்டுப் படங்களைப் பெரிதாக அச்சடித்தும் வைத்திருக்கிறேன்.

போய்விட்டு வந்து எழுதுகிறேன்.